கெட்ட பிரிண்ட் தாளைக் கசக்கிப் போடாதீர்கள்

பெங்களூர் கலாசிப்பாளையத்தின் பின்தெருக்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடந்தால் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்குள்ளிருந்து இன்னமும் அந்தக் கர்ர்ர் சத்தம் கேட்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். சேலம், ஈரோடு, நாமக்கல், மதுரை என்று ராத்திரி கிளம்பும் ஒவ்வொரு வண்டிக்கும் எல்ஆர், அதாவது லாரி ரசீது, அடிக்கிற சத்தம். 16 வருஷமாக இந்த ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாம் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு லேசர் வாங்கச் சொல்ல வேண்டியதுதானே" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமே சரக்கு ரசீதை மூன்று பிரதியாகக் கொடுக்கச் சொல்கிறது, அசல் சரக்கை அனுப்புகிறவருக்கு. டாட் மேட்ரிக்ஸ் ஊசியால் ரிப்பன்மேல் குத்தி அடிப்பதால் ஒரே அடியில் மூன்று தாளிலும் விழும், மேலே போடுகிற கையெழுத்தும் மூன்றிலும் விழும், பிரதிக்குப் பிரதி தொகை மாறியிருக்கிறதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கோடவுன் தூசியில், கதவே இல்லாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைக்கிற மெஷினை நான் மதிக்கிறேன்.

சிக்கல் பிரிண்டரில் குறைவு. பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நாம் வைத்த பெட்டியில்தான் அதிகம். புக்கிங் கவுண்டர் மாடியில், லோடு ஏற்றுகிற இடம் கீழே, பிரிண்ட் கீழேதான் வர வேண்டும். பழைய பிரிண்டரோடு வரும் சென்ட்ரானிக்ஸ் கேபிளை, அதாவது பேரலல் கேபிளை, சில மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது, நெட்வொர்க்குக்கான லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். அப்புறம் இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அதைச் செருகுகிற பேரலல் போர்ட்டே கிடையாது. அதனால் ஒரு பக்கம் லேன், மறுபக்கம் பேரலல் போர்ட் உள்ள பிரிண்ட் சர்வர் என்கிற சின்னப் பெட்டியை வைத்துத்தான் பழைய பிரிண்டரையும் புது விண்டோஸையும் சேர்த்து வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் எது கெட்டாலும் பழி அந்தப் பெட்டிமேல் வரும், அல்லது விண்டோஸில் பிரிண்டரை ஓட்டுகிற டிரைவர் என்கிற சாஃப்ட்வேர்மேல். உடனே யாராவது டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள், ஒரு மணி நேரம் போய்விடும், வண்டி நிற்கும்.

நான் இதற்கு நேர் எதிராகப் போகிறேன். தாள் இருக்கிற முனையிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வருவேன், கம்ப்யூட்டரைக் கடைசியில்தான் தொடுவேன். இது எனக்கு உறுதியான நாள் ஒன்று உண்டு.

மழைக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை, மணி ஏழு இருக்கும். சேலம் வண்டி ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டும். புக்கிங் பையன் போன் பண்ணி "பிரிண்ட் பர்த்தா இல்லா சார்" என்றான். போய்ப் பார்த்தால் பிரிண்ட் வராமல் இல்லை, தப்புத் தப்பாக வந்திருக்கிறது. டிரைவரை இரண்டு முறை மாற்றிப் போட்டாயிற்று, கெட்ட தாள்கள் எல்லாம் கசங்கிக் குப்பைக்கூடையில். ஒன்றை எடுத்து மேஜைமேல் நீவிப் பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆச்சரியக்குறி. சேலம் என்று ஆங்கிலத்தில் அடித்த இடத்தில் எல் இருக்க வேண்டியதற்கு எம். ஓசூர் என்ற பெயரில் ஹெச் ஐ ஆகியிருந்தது, கடைசி ஆர் எஸ் ஆகியிருந்தது. வாடகை 1240.00 என்பது 1351/11 என்று விழுந்திருந்தது.

எனக்கு எதோ பிடிபடுவதுபோல் இருந்தது, ஆனால் வரவில்லை. பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை, எழுபது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "ஏந்தம்பி, இதுல ரெட்டைப்படை எண்ணே ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.

அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது. பேரலல் கேபிளில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணாக, எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகிறது. முதல் கம்பியின் மதிப்பு 1, அடுத்தது 2, அப்புறம் 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 128 வரை. முதல் கம்பி அறுந்து, பிரிண்டர் பக்கம் அது எப்போதும் 1 என்றே தெரிந்தால், ஒற்றைப்படை எண் உள்ள எழுத்துகள் அப்படியே வரும், இரட்டைப்படையெல்லாம் ஒன்று கூடி அடுத்த எழுத்தாகிவிடும். 0 ஒன்றாகும், 2 மூன்றாகும், 4 ஐந்தாகும். இடைவெளியின் எண் 32, ஆச்சரியக்குறியின் எண் 33. புள்ளி 46, சாய்கோடு 47. தாளிலிருந்த அத்தனை தப்புக்கும் இந்த ஒரே காரணம் பொருந்தியது.

பிரிண்டரை அணைத்து, எல்எஃப் பட்டனை (தாளை ஒரு வரி நகர்த்துவது) அழுத்திப் பிடித்துக்கொண்டே திரும்பப் போட்டேன். எப்சன் வகையிலும் அதைப் பின்பற்றுகிற பல மெஷின்களிலும் இதுதான் செல்ஃப் டெஸ்ட், கேபிள் எதுவும் வேண்டாம், மெஷின் தன்னிடமுள்ள எழுத்துகளை வரிவரியாக அடிக்கும். சுத்தமாக வந்தது. ஆக ஊசிகள் இருக்கும் ஹெட், ரிப்பன், உள்ளே இருக்கும் போர்டு எல்லாம் சரி. பையில் எப்போதும் ஒரு சென்ட்ரானிக்ஸ் கேபிள் வைத்திருப்பேன், மாற்றினேன், முதல் எல்ஆரே சரியாக வந்தது. பழைய கேபிளைப் பார்த்தால் காரணமும் தெரிந்தது: பெட்டியை எங்கேயும் மாட்டாமல் கேபிளிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். மாசக்கணக்கில் அதன் எடை கனெக்டரை இழுத்து, இழுத்து, உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கே ஒரு பிளைவுட் துண்டைச் சுவரில் அடித்துப் பெட்டியை அதில் திருகி வைத்தேன்.

அதற்கப்புறம் இதே மாதிரி இன்னும் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். 0 இரண்டாகவும் 1 மூன்றாகவும் வந்தால் இரண்டாவது கம்பி. எந்த எழுத்து எதுவாக மாறியது என்று தாளில் நாலு இடத்தில் குறித்தாலே கம்பியின் எண் கிடைத்துவிடும். அதனால்தான் எல்லா ஆபீஸிலும் சொல்லி வைத்திருக்கிறேன், கெட்ட தாளைக் கசக்கிப் போடாதீர்கள், ஆணியில் குத்தி வையுங்கள் என்று. இந்தத் தொழிலில் இன்னொன்றும் கவலைப்பட வேண்டியது: இடைவெளி ஆச்சரியக்குறி ஆனதால்தான் உடனே கண்ணில் பட்டது. ரொக்கம், எடை, வாடகை என்று எண்கள் மாறுகிற கோளாறை "ஏதோ குப்பையாக அடிக்குது" என்று கடந்து போகக் கூடாது, அன்று அதற்கு முன் அடித்த எல்ஆர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பிரிண்டர், பெட்டி இரண்டையும் அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி மாதிரி ஓடும்போதே பிடுங்கிச் செருகக் கூடியதல்ல பேரலல் போர்ட். எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் இப்படிச் செருகியே போர்டு எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். செல்ஃப் டெஸ்ட் எடுக்கும்போது மெஷினின் முழு அகலத்துக்கும் தாள் இருக்கட்டும், வரிக்கு 136 எழுத்து அடிக்கிற அகல மெஷினில் சின்னத் தாளைப் போட்டால் ஊசிகள் வெறும் ரோலரில் குத்தும். செல்ஃப் டெஸ்டிலேயே எழுத்தின் குறுக்கே வெள்ளைக்கோடு ஓடினால் ஊசி போய்விட்டது, நெட்வொர்க்கை மறந்துவிட்டு ஹெட்டைப் பாருங்கள். நைந்துபோன ரிப்பனின் நூலில் ஊசி மாட்டித்தான் பெரும்பாலும் உடைகிறது, ரிப்பனில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

செல்ஃப் டெஸ்ட் நன்றாக வருகிறது, கேபிளும் சரி, ஆனாலும் பிரிண்ட் வரவில்லை என்றால் அடுத்தது பெட்டியும் நெட்வொர்க்கும். நியூ தரகுப்பேட்டையில் ஒரு மண்டிக்கு மூன்று நாள் அலைந்தேன். காலையில் பிரிண்ட் வரும், பத்து பத்தரைக்கு நின்றுவிடும், மத்தியானத்துக்கு மேல் தானாகவே வரும். பிங் பண்ணிப் பார்த்தால், அதாவது நெட்வொர்க் வழியாக "இருக்கிறாயா" என்று பெட்டியைக் கேட்டால், பதில் வருகிறது. பதில் வருவதால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று நம்பி, போர்ட்டை மாற்றி, டிரைவரை மாற்றி, என்னென்னவோ செய்தேன். மூன்றாம் நாள் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பிங் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி செத்துக் கிடக்கிறது, பதில் மட்டும் வருகிறது!

பெட்டிக்குக் கொடுத்திருந்த ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி, ரவுட்டர் தானாக வழங்குகிற எண்களின் வரிசைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் லாரி டிரைவர்கள் வந்து ஆபீஸ் வைஃபையில் சேர்வார்கள், யாரோ ஒருவர் போனுக்கு அதே எண் போய்விடும். அவர் கிளம்பினால் பிரிண்ட் வரும். கமாண்ட் விண்டோவில் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் அந்த ஐபிக்கு எந்த மேக் எண் (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே கொடுத்த எண்) நிற்கிறது என்று தெரியும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஐபியின் கடைசிப் பகுதியில் ரவுட்டர் 100லிருந்து 200 வரை வழங்கட்டும், பெட்டிகளுக்கு 20, 21 என்று அதற்கு வெளியே நிலையான எண் கொடுங்கள். லாரி டிரைவர்களுக்குத் தனி வைஃபை வைத்தால் இன்னும் நல்லது. இப்போதெல்லாம் பிங் பதிலை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை, பெட்டியை அணைத்தும் ஒரு பிங் போட்டுவிடுவேன்.

எண் மோதல் இல்லை, பிங் ஒழுங்கு என்றால் விண்டோஸை ஒதுக்கிவிட்டு நேரடியாகப் பேசிப் பாருங்கள். தட்டுவதை அப்படியே இன்னொரு கருவிக்கு அனுப்புகிற டெல்நெட்டைத் திறந்து (விண்டோஸ் 10இல் அதை அம்சங்கள் பட்டியலில் போய் ஆன் பண்ண வேண்டும்) பெட்டியின் ஐபியும் 9100 என்ற போர்ட் எண்ணும் கொடுத்து, ஏதாவது இரண்டு வரி தட்டி என்டர் அழுத்துங்கள். கீழே பிரிண்டர் அடித்தால் லேனும் பெட்டியும் கேபிளும் சரி, மிச்சமிருப்பது விண்டோஸ் மட்டும். 9100 என்பது ஹெச்பியின் ஜெட்டைரக்ட் காலத்திலிருந்து வருகிற வழக்கம், மற்ற கம்பெனிகளின் பெட்டிகளில் பலவும் இதையே எடுத்துக்கொண்டன. மூன்று பிரிண்டர் மாட்டுகிற பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் 9100, 9101, 9102. சில பெட்டிகள் 9100ஐக் கேட்காது, எல்பிஆர் என்கிற வேறு முறைதான், அதன் போர்ட் 515, அதற்குக் க்யூ பெயர் (பிரிண்ட் வரிசையின் பெயர்) கொடுக்க வேண்டும். அந்தப் பெயரில் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம்கூடப் பார்க்கிற பெட்டிகள் உண்டு. பெட்டியில் ஒரு குட்டி பட்டன் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள், பலவற்றில் ஐபி, மேக், க்யூ பெயர் எல்லாம் போட்ட ஒரு தாள் பிரிண்டரிலேயே வரும். அந்தத் தாளைப் பிரிண்டர் மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.

விண்டோஸ் பக்கம் நான் அதிகம் சந்தித்தது ஒன்றே ஒன்று. பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும், டெல்நெட்டில் அழகாக அடிக்கும். டிசிபி ஐபி போர்ட் போடும்போது விண்டோஸ் எஸ்என்எம்பி என்கிற முறையில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும். பழைய பெட்டிக்கு அந்தக் கேள்வி புரியாது, பதில் சொல்லாது, உடனே விண்டோஸ் அது ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். போர்ட் அமைப்பில் போய் எஸ்என்எம்பி டிக்கை எடுத்தால் போதும். அங்கேயே இருதிசைத் தொடர்பு என்ற டிக்கையும் எடுத்துவிடுகிறேன். பெட்டியோடு வந்த பழைய சிடியைத் தேட வேண்டாம், அது இல்லாமலே எல்லாம் நடக்கும்.

அடுத்து, தாள் நகர்வது. இதற்கு என்னைக் கூப்பிடாத ஆபீஸே இல்லை. முதல் எல்ஆர் சரியாக விழும், இரண்டாவது கொஞ்சம் மேலே ஏறும், மூன்றாவது இன்னும் மேலே, பத்தாவதில் தலைப்பு முந்தைய தாளில் இருக்கும். பையன்கள் ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகிச் சரிசெய்துகொண்டே வேலை பார்ப்பார்கள், அதில் தாளின் ஓட்டைகளைப் பிடித்து இழுக்கிற டிராக்டர் பல் உடையும். நம்மூர் தொடர்தாள் பெரும்பாலும் 12 அங்குல நீளம். அங்குலத்துக்கு ஆறு வரி வீதம் 72 வரி. பிரிண்டரிலோ டிரைவரிலோ 11 அங்குலம், அதாவது 66 வரி என்று இருந்தால் பக்கத்துக்கு ஓர் அங்குலம் ஏறும், சரியாகப் பன்னிரண்டு பக்கம் கழித்துத் தானாகவே இடத்துக்கு வந்து நிற்கும். "சில சமயம் சரியா வருதுங்க" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். டிரைவரில் ஏ4 என்று இருந்தால் 11.69 அங்குலம், பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அங்குலத்துக்கும் குறைவாக மெதுவாக ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தாலே எந்த அமைப்பு தப்பு என்று தெரிந்துவிடும். விண்டோஸில் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் என்றொரு ஜன்னல் இருக்கிறது (பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் ஒன்று), அதில் 10க்கு 12 என்று புதிய ஃபார்ம் உண்டாக்கி டிரைவரில் அதைத் தேர்ந்தெடுங்கள், பிரிண்டரின் உள் அமைப்பிலும் 12 வையுங்கள். அரைத்தாள் என்றால் 6 அங்குலம், 36 வரி.

டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பிரிண்ட் வேகமாக வேண்டுமென்றால் நீட் மோடை விட்டு டாட் மேட்ரிக்ஸ் முறைக்கு மாற்றுங்கள். நீட் மோடில் எழுத்து படமாகப் போகிறது, ஹெட் ஒரே வரியில் பல தடவை போய் வருகிறது, ரிப்பனும் தீர்கிறது, பெட்டியும் திணறுகிறது.

பிரிண்ட் பாதியில் நிற்பது, பெட்டியை அணைத்துப் போட்டால் திரும்ப வருவது, மறுபடி நிற்பது என்று இருந்தால் அடாப்டரை அளந்து பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 5 வோல்ட், சிலவற்றுக்கு 12, லேபிளைப் படித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும், பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பதும் அதிலேயே படமாக இருக்கும். சும்மா இருக்கும்போது 5 காட்டும் அடாப்டர், பிரிண்ட் ஓடும்போது 4.3க்கு இறங்குவதை நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன். எஸ்பி ரோட்டில் பழைய பெட்டி வாங்கப் போனால் இருக்கிற அடாப்டரையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், கடையிலேயே மாட்டிப் பார்க்கலாம். இன்னொன்று, 10 எம்பிபிஎஸ் மட்டுமே தெரிந்த மிகப் பழைய பெட்டிகள் சில புது நெட்வொர்க் சுவிட்சுகளோடு சேராமல் விளக்கே எரியாமல் கிடக்கும். நடுவில் ஒரு பழைய 10/100 சுவிட்சை வைத்தால் எழுந்துவிடும். பழைய சுவிட்சுகளை நான் தூக்கிப் போடாததற்கு அதுதான் காரணம்.

ஒரே எல்ஆர் இரண்டு முறை அடிப்பதுதான் எனக்கு மிகவும் பயமான கோளாறு. தாள் தீர்ந்து, பையன் டீ குடிக்கப் போய், பெட்டி பொறுத்துப் பார்த்துத் தொடர்பைத் துண்டித்துவிடும். விண்டோஸ் அந்த வேலை முடியவில்லை என்று முதலிலிருந்து திரும்ப அனுப்பும். ஒரே எண்ணில் இரண்டு ரசீது, இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் யார் பதில் சொல்வது? பெட்டியின் அமைப்பில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். நாலு கம்ப்யூட்டரும் நேராகப் பெட்டிக்கு அனுப்பாமல், ஒன்றை மட்டும் பெட்டியோடு சேர்த்து மற்றவை அதன் வழியாக அனுப்பட்டும், வரிசை ஒரே இடத்தில் தெரியும். இரட்டித்த தாளைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு ஃபைலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கணக்குப்பிள்ளையின் யோசனை அது.

போன மாசம் அதே புக்கிங் பையனிடமிருந்து போன். இப்போது அவன் பையன் இல்லை, கவுண்டரே அவன் பொறுப்பு. பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னான்: "சார், செல்ஃப் டெஸ்ட் சரி இருக்கு. டெல்நெட்ல அடிக்குது. டேலியிலிருந்து மட்டும் பர்த்தா இல்லா." நான் நேராகப் போர்ட் அமைப்பைத் திறக்கச் சொன்னேன். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், எஸ்என்எம்பி டிக் திரும்ப வந்திருந்தது. எடுத்தான். போனிலேயே கர்ர்ர் என்று கேட்டது.